மூன்று விசிலுக்குள்

ஆகஸ்ட் 10, திங்கள்

இந்த நோட்டு ஸ்டெல்லா மிஸ் சொல்லி வாங்கியது. மிருதுளாவின் வகுப்பாசிரியை அவர். "தினமும் கொஞ்சம் எழுதி வைங்கம்மா. பிள்ளை எப்ப அழுகுறா, எதுக்குப் பயப்படுறான்னு எழுதினா உங்களுக்கே ஒரு தெளிவு கிடைக்கும்" என்றார். எனக்குத் தெளிவுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. இருந்தாலும் வரும் வழியிலேயே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்துவிட்டேன். முதல் பக்கத்தில் எழுத்து கொஞ்சம் சரிந்துவிட்டது. அதைக் கிழித்துவிட்டு இதில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வகுப்பில் கணக்குத் தேர்வு வைத்திருக்கிறார்கள். ஐந்து கணக்குகள். மிருதுளா போட்டது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. மார்ஜின் கோடு மயிரிழைகூடப் பிசகவில்லை. ஆனால் அழித்து அழித்து ஓரிடத்தில் தாள் ஓட்டையாகியிருந்தது. மணி அடித்ததும் தாளைக் கொடுக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாந்தி வரும்வரை அழுதிருக்கிறாள்.

"தெரியாம இல்லம்மா. வாயில கேட்டா பட்டு பட்டுன்னு சொல்றா. நேரம் வச்சு எழுதச் சொன்னாத்தான் கை ஓட மாட்டேங்குது. இப்பிடியே போனா பள்ளிக்கூடத்தையே வெறுத்துருவா" என்றார் மிஸ்.

அடுத்த மாதம், பிள்ளையார் சதுர்த்தி முடிந்ததும் காலாண்டுத் தேர்வு. அதற்குள் இவள் ஒரு தாளையாவது முழுசாக எழுதிப் பழக வேண்டும். எம்.எஸ்ஸி. கணக்கில் பல்கலைக்கழக ரேங்க் வாங்கியவள் நான். நாலாம் வகுப்புப் பிள்ளையைத் தேற்ற முடியாதா என்ன?

ஆகஸ்ட் 11, செவ்வாய்

பள்ளி விட்டு வந்ததும் பாலைக் கொடுத்து உட்கார வைத்தேன். என் செல்போனில் அலாரம். நான் பின்னால் நின்றுகொண்டேன், தப்பு வந்தால் உடனே திருத்த வேண்டுமே.

ஒவ்வொரு எண்ணையும் எழுதிவிட்டுத் தலையைத் திருப்பி, "சரியாம்மா?" என்று கேட்கிறாள். "சரி, போ" என்றால் அடுத்தது. ஒரு ஏழு கொஞ்சம் ஒன்று மாதிரி இருந்தது. அவள் நேரத்தை மிச்சப்படுத்த நானே ரப்பரை எடுத்து அழித்துக் கொடுத்தேன். அலாரம் அடித்தபோது இரண்டாவது கணக்கில் பாதி. உடனே அழுகை.

இவ்வளவு உதவி செய்தும் ஏன் அழுகிறாள் என்று புரியவில்லை. சாம்பாருக்கு முருங்கைக்காய் முற்றல்.

ஆகஸ்ட் 13, வியாழன்

மாடியில் என் கொழுந்தன் நந்தகுமாரும் அவன் மனைவி அழகுராணியும் இருக்கிறார்கள். வைகாசியில்தான் கல்யாணம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். பி.காம்-ல் இரண்டு பேப்பர் அரியர். அதை ஏதோ இரட்டை வடச் சங்கிலி போட்டிருப்பது மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள். பால் வைத்தால் பொங்கவிடுவாள். தோசை சுட்டால் அது எந்த நாட்டு வரைபடம் என்று தேட வேண்டும்.

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். உள்ளே ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தால், அடுப்பில் குக்கர். தரையில் அழகுராணி ஒரு தாளோடு, எதிரே மிருதுளா ஒரு தாளோடு. இருவரும் குப்புறப் படுத்து எழுதுகிறார்கள். விசில் அடித்ததும் "ஐயோ, ஒண்ணு போயிருச்சு!" என்று இருவரும் கத்துகிறார்கள்.

"என்ன நடக்குது இங்க?"

"பரீட்சைக்கா" என்றாள் அழகுராணி. "மூணு விசில் வர்றதுக்குள்ள முடிஞ்ச மட்டும் எழுதணும். நான் அரியருக்குப் படிக்கிறேன், இவ வாய்ப்பாடு. மூணாவது விசில் எப்ப வரும்னு அந்தக் குக்கருக்கே தெரியாது, வாஷர் போயிருச்சு."

மிருதுளா தாளைப் பார்த்தேன். பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். நான் கேட்டுக் கேட்டு வராத ஒன்று, ஒரு வாஷர் போன குக்கருக்கு வந்துவிட்டது. நல்லதுதானே என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 15, சனி

பள்ளியில் கொடியேற்றம். வந்த பிள்ளை கையில் ஒரு எக்லேர்ஸ் மிட்டாய். ஒன்றுதான் கொடுத்தார்களாம். வழக்கமாக எனக்குப் பாதி கடித்துத் தருவாள். இன்று செருப்பைக் கூடக் கழற்றாமல் "சித்தீ" என்று மாடிப்படி ஏறிவிட்டாள்.

முப்பத்தெட்டு வயதில் ஒரு மிட்டாய்க்காக யாராவது வருத்தப்படுவார்களா? நானும் படவில்லை. தோசைக்கு ஊறப் போட்டேன்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

எனக்கு அழகுராணி மேல் பொறாமை எதுவும் கிடையாது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஸ்டெல்லா மிஸ் இந்த நோட்டைக் கேட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 20, வியாழன்

இன்று பேசக்கூடாததைப் பேசிவிட்டேன்.

மிருதுளாவின் வீட்டுப்பாட நோட்டைத் திறந்தால் பக்கம் முழுக்க அடித்தல். தப்பானதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் சரியான விடை, அப்படியே அடுத்த கணக்கு. என் பிள்ளையின் நோட்டா இது? பலசரக்குக் கடைச் சீட்டு கூட இதைவிட அழகாக இருக்கும்.

"ரப்பர் எங்கடி?"

"சித்தி ஒளிச்சு வச்சுட்டாங்க. பரீட்சை முடியவும் தருவாங்களாம்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

"அழகு, ரப்பரை எடு."

"அக்கா, அது கையில இருந்தா அவ அழிச்சுக்கிட்டேதான் இருப்பாக்கா. இல்லேன்னா ஒரு கோட்டப் போட்டுட்டு அங்கிட்டுப் போயிருவா. இப்பத்தான் பிள்ளைக்குக் கொஞ்சம் பயம் விட்டிருக்கு..."

"ரெண்டு அரியர் வச்சிருக்கவ எல்லாம் எம் பிள்ளைக்குப் பரீட்சை எழுதச் சொல்லிக் கொடுக்கறியா?"

எப்போதும் சிரிக்கிற முகம் அது. இப்போதும் சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை. அலமாரி மேலிருந்து ரப்பரை எடுத்து என் கையில் வைத்தாள். "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான்.

மிருதுளா என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு இறங்கி வந்தாள். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. படி இறங்கி முடிவதற்குள் அதுவும் போய்விட்டது.

ஆகஸ்ட் 21, வெள்ளி

காலாண்டு முடியும்வரை மாடிக்குப் போக வேண்டாம் என்று மிருதுளாவிடம் சொல்லிவிட்டேன். அழகுராணிக்கும் பரீட்சை இருக்கிறதே, அவளையும் தொந்தரவு செய்யக்கூடாது பாருங்கள். உள் படிக்கட்டுக் கதவைக் கொண்டி போட்டாயிற்று. அவர்கள் போக வர வெளிப்படி இருக்கிறது.

கடையிலிருந்து சாப்பிட வந்த இவர் கொண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ளை மேல உனக்கு ஏன் இம்புட்டு காந்தல், சுகந்தி?" என்றார்.

"ரசம் போதுமா, இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 27, வியாழன்

மதியம் ஸ்டெல்லா மிஸ் போன் செய்தார். இன்று மறுபடியும் வகுப்புத் தேர்வு. மிருதுளா மார்ஜின் போட்டாள். பெயர் எழுதினாள். பென்சிலை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். இந்த முறை அழக்கூட இல்லையாம். "அதுதாம்மா எனக்குப் பயமா இருக்கு" என்றார் மிஸ்.

போய் அழைத்து வந்தேன். தயிர்சாதம் பிசைந்து வாயில் ஊட்டியபடி, "ஏம்மா ஒண்ணுமே எழுதல? எல்லாம் உனக்குத் தெரியுமே?" என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

"எழுதினா தப்பு வந்துரும்மா. எழுதலேன்னா தப்பே வராதுல்ல?"

சாதம் என் கையிலேயே இருந்தது. புதிதாக வாங்கி வைத்திருந்த டைம்பீஸை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். அங்கிருந்தும் டிக் டிக்கென்று கேட்கிறது, பாழாய்ப்போனது.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

நான் ஒட்டுக் கேட்கவில்லை. கொத்தமல்லி காயவைத்த முறத்தை எடுக்கப் போனேன். படிக்கட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் மிருதுளா தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அழகுராணியின் குரல். கொண்டியை எடுக்கவில்லை இருவரும். நான் போட்ட கொண்டிக்கு அந்த மரியாதை.

"இதை உங்கம்மாகிட்ட சொல்லு தங்கம். என்கிட்ட சொன்னா நான் என்னத்தச் செய்ய?"

"அம்மாவுக்குப் புரியாது சித்தி."

"ஏன் புரியாது? உங்கம்மா எம்புட்டுப் படிச்சவங்க!"

"அதான் சித்தி. அம்மாவுக்குத் தப்பே வராது. ஒரு தடவ கூட வந்ததில்ல. உங்களுக்குன்னா வரும்."

அழகுராணி சிரித்தாள். "ஆமா, எனக்கு வண்டி வண்டியா வரும்."

உண்மையைச் சொல்கிறேன். 'அம்மாவுக்குத் தப்பே வராது' என்று கேட்டதும் முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் மீதி வார்த்தை உறைத்தது. என் பிள்ளை தன் பயத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்க ஓர் இடம் தேடியிருக்கிறாள். அந்த இடம் நான் இல்லை. பொறாமைதான். இப்போது எழுதிவிட்டேன், பொறாமைதான், வயிறு எரிகிறது. அவளைப் போல ஒரு கோணல் தோசை சுடக்கூட எனக்குத் தெரியாமல் போயிற்றே.

கொண்டியை எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 3, வியாழன்

நாளை கிருஷ்ண ஜெயந்தி. எங்கள் வீட்டில் இது தீபாவளியைவிடப் பெரிது. சீடை மூத்த மருமகள் கைப்பட உருட்ட வேண்டும் என்பது வழக்கம். வருஷா வருஷம் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒருத்தியே செய்வேன். ஆள் நடமாட்டம் இருந்தால் எனக்குக் கை ஓடாது.

இந்த வருஷம் கதவைச் சாத்தவில்லை. பள்ளி விட்டு வந்த மிருதுளா உள்ளே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் அழகுராணி. "நானும் வரட்டுமாக்கா?" என்றாள், அத்தனை பேச்சு வாங்கிய பிறகும். "வா" என்றேன்.

மாவு பிசைந்து வைத்திருந்தேன். நான் உருட்டினால் சீடை கோலிக்குண்டு மாதிரி இருக்கும், ஒரு கீறல் இருக்காது. அழகுராணி உருட்டியது மேடும் பள்ளமுமாக, ஆங்காங்கே வெடிப்போடு இருந்தது. அவளுடையதைத் தனித் துணியில் போடச் சொன்னேன், சாமிக்கு வைக்க முடியாது என்று.

"அக்கா, லேசா உருட்டுங்க. இப்பிடி அழுத்தி உருட்டுனா வெடிச்சிரும். எங்கம்மா வீட்ல சொல்லுவாங்க" என்றாள்.

சொன்னது வேறு யாராவதாக இருந்தால் ஒருவேளை கேட்டிருப்பேன். அவள் சொன்னதால் இன்னும் இரண்டு சுற்று அழுத்தி, வழவழவென்று உருட்டினேன். எண்ணெய் காய்ந்தது. என் சீடையைத்தான் முதலில் போட்டேன்.

முதலில் 'டப்' என்று ஒன்று. நான் சுதாரிப்பதற்குள் சட்டி முழுக்கப் படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது. ஒன்று பரண் மேல் போய் விழுந்தது. ஒன்று காலண்டரில் அடித்தது. எண்ணெய் என் முழங்கையில் தெறித்தது. அழகுராணி ஒரு கையால் அடுப்பை அணைத்து, மறு கையால் என்னைப் பின்னால் இழுத்தாள். மிருதுளா இட்லிப் பானை மூடியைக் கேடயம் மாதிரி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் இருந்தாள்.

சத்தம் அடங்கியதும் மூடிக்கு மேலே இரண்டு கண்கள் தெரிந்தன.

"அம்மா, உனக்குத் தப்பாயிருச்சா?"

"எனக்கு என்ன தப்பு? மாவு சரியில்ல. அந்த மில்லுக்காரன் ஈரத்தோட அரைச்சுட்டான்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

அழகுராணி உடனே, "ஆமா மிருது, மாவுதான் சரியில்ல" என்றாள். என் முழங்கையில் தண்ணீர் விட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அதே மாவில்தான் அவளும் உருட்டியிருந்தாள்.

நான் அவளைப் பிள்ளை முன்னால் வைத்து மட்டம் தட்டினேன். அவள் பிள்ளை முன்னால் என் மானத்தைக் காப்பாற்றுகிறாள். எரிச்சல் எண்ணெய் பட்ட இடத்தில் இல்லை. மிருதுளாவைப் பார்த்தேன். மாவுதான் காரணம் என்றதும் அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அணைந்து போயிருந்தது. மூடியைக் கீழே வைத்துவிட்டு, வெளியே போக எழுந்தாள்.

"நில்லு மிருது" என்றேன். "மாவு நல்ல மாவுதான். நான்தான் அழுத்தி உருட்டிட்டேன். சித்தி சொன்னாங்க, நான் கேக்கல. தப்பு என்னோடது."

ரேங்க் வாங்கியபோது மேடையில் பேசியிருக்கிறேன், அதற்கு இதில் பாதி சிரமம்கூட இல்லை.

மிருதுளா வாயைப் பிளந்து பார்த்தாள். அப்புறம் கேட்டாள், "அப்ப இப்ப என்ன செய்வ?"

"என்ன செய்ய? வெடிச்சது வெடிச்சிருச்சு. மீதியை உருட்டணும். விளக்கு வைக்கிறதுக்குள்ள முடிக்கணும்."

மூன்று பேரும் உட்கார்ந்தோம். அழகுராணி உருட்டுகிற மாதிரி நானும் லேசாக உருட்டினேன். ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்து வழவழப்பாக்கக் கை பரபரத்தது, விரல்களை மடக்கிக்கொண்டேன். மிருதுளா முதல் சீடையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரியாம்மா?" என்று கேட்க வாய் எடுத்தாள். நான் முந்திக்கொண்டு என் துணியில் இருந்த ஒரு கோணல் சீடையைக் காட்டினேன். சிரித்துவிட்டாள். அதன்பிறகு அவள் வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஒன்றுகூட வெடிக்கவில்லை. பரண் மேல் போனதை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

அழகுராணியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து, "அழகு, அன்னிக்கு நான் அரியர் அது இதுன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்கக்கா. அரியர் இருக்குறது நெசந்தானே" என்றாள். "ஆனா அடுத்த தடவ தனியா இருக்கும்போது திட்டுங்க."

செப்டம்பர் 4, வெள்ளி

மாக்கோலத்தில் கிருஷ்ணன் பாதம் வைத்தோம். மிருதுளா வைத்த ஒரு பாதத்துக்கு ஆறு விரல். அழிக்கச் சொல்லவில்லை. கண் அங்கேயே போகிறது.

செப்டம்பர் 9, புதன்

சாயங்காலம் என் அடுப்பில் குக்கர். அழகுராணியும் கீழே வந்துவிட்டாள். நானும் ஒரு தாளோடு உட்கார்ந்தேன், மிருதுளா எனக்கு வைத்த சமூக அறிவியல் பரீட்சை. மூன்றாவது விசிலில் எனக்கு இரண்டு கேள்வி மிச்சம், ஒன்று தப்பு. மிருதுளா சிவப்பு மையால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டாள். அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட வேண்டுமா ஒரு பிள்ளை?

அதே பரீட்சையில் அழகுராணி எழுதிய மூன்றுமே தப்பு. அதிலும் அவளே முதல். மிருதுளா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நான் குக்கரை இறக்கப் போனேன்.

செப்டம்பர் 17, வியாழன்

இன்று கணக்குத் தேர்வு. கிளம்பும்போது பென்சில் டப்பாவைத் திறந்து ரப்பரை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் சொல்லவில்லை. அழகுராணியும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறாள்.

மதியம் வேன் வரும் நேரத்துக்கு நான் வாசலில். அழகுராணியும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். வேன் கதவு திறந்தது. மிருதுளா குதித்து இறங்கி ஓடி வந்தாள். நான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டி ஓடி அழகுராணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"சித்தி, முடிச்சிட்டேன்! எல்லாத்தையும் எழுதிட்டேன்! மணி அடிக்கவும் நானே குடுத்துட்டேன்!"

நீட்டிய கையை என்ன செய்வது? தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். என் பிள்ளை ஒரு தாளை முழுசாக எழுதிவிட்டு வந்திருக்கிறாள், இதற்குத்தானே இத்தனை நாள் பாடுபட்டேன்? சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே அந்தப் பழைய எரிச்சல், எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. "நல்லதுடா தங்கம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து அப்பளம் பொரிக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து யாரோ முந்தானையை இழுத்தார்கள். மிருதுளா. வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு என்னைக் குனியச் சொன்னாள்.

"அம்மா, ஒரு கணக்கு தப்பாப் போட்டுட்டேன். வகுத்தல். கடைசியிலதான் தெரிஞ்சுச்சு, அடிச்சு எழுத நேரமில்ல. அப்பிடியே குடுத்துட்டேன்."

உதடு துடித்தது, ஆனால் அழவில்லை. எந்தக் கணக்கு, எத்தனை மார்க் என்று கேட்க நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"சித்திகிட்ட சொன்னியா?"

"இல்ல. உன்கிட்ட மட்டுந்தான்."

பொரிந்துகொண்டிருந்த அப்பளம் கருகிவிட்டது. எடுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன், இந்த வயதுப் பிள்ளையை யாராவது தூக்குவார்களா, தூக்கினேன். நல்ல செய்தியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தப்பை எனக்கென்று தனியாக மடித்து எடுத்து வந்திருக்கிறாள்.

"என்னக்கா, கருகுன வாடை வருது? பிள்ளை என்ன சொல்றா?" என்று கேட்டுக்கொண்டே அழகுராணி உள்ளே வந்தாள்.

"ஒண்ணுமில்ல. பசிக்குதாம்" என்றேன்.

அவளுக்கு மூன்று அப்பளம் வைத்தேன், கருகாததாகப் பார்த்து. அந்த வகுத்தல் கணக்கை மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது எனக்கு வந்தது.